குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? கண்ணீர்க் குழாய் அடைப்பு பற்றி அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

கண் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். டாக்டர் பார்த்து முடித்ததும் தாய்மார்கள் என் மேசைக்கு வருவார்கள். அவர்களுக்குக் கண் மசாஜ் சொல்லிக்கொடுப்பதும், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று விளக்குவதும் என் வேலை. என் இரண்டாவது மகனுக்கும் இதே பிரச்சினை இருந்தது. அவனை முதலில் காட்டிய இடத்தில் "தானா சரியாயிடும்" என்ற ஒரே வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள். மசாஜ் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு 5 மாதம் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குழந்தையை ஒருமுறையாவது கண் டாக்டரிடம் காட்டிவிட்டு இதைப் படியுங்கள்.

பிறந்து 3 வாரம் ஆகிறது. ஒரு கண்ணில் மட்டும் எப்போதும் நீர் கோத்து நிற்கிறது. தூங்கி எழுந்தால் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. இது என்ன?

பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பாகத்தான் இருக்கும். கண்ணாடி முன் நின்று உங்கள் கீழ் இமையை மூக்குப் பக்கமாக லேசாக இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் அப்படி ஒன்று உண்டு. கண்ணில் ஊறும் நீர் இந்த இரண்டு துளைகள் வழியே இறங்கி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் கண்ணீர்ப் பைக்குப் போகும். அங்கிருந்து ஒரு குழாய் வழியே மூக்குக்குள் வடியும். நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதற்கும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதற்கும் காரணம் இந்தப் பாதைதான்.

குழந்தை கருவில் இருக்கும்போது இந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வரும். மூக்குக்குள் திறக்கும் கடைசி முனை, பிறக்கும் நேரத்தை ஒட்டித்தான் திறக்கும். சில குழந்தைகளுக்கு அந்த முனையில் மெல்லிய சவ்வு ஒன்று மூடியபடியே இருந்துவிடும். மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தளத்தில் தேங்குமே, அதே கதைதான். தேங்கிய நீரில் கிருமி வளர்ந்து பீளையாகிறது. பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 20 பேர் வரை இந்த அடைப்பு இருக்கும் என்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளிடமும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் கொஞ்சம் அதிகமாகப் பார்க்கிறோம். கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ வந்தது அல்ல. அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிறந்த அன்று கண் நன்றாகத்தானே இருந்தது?

முதல் சில வாரங்களில் குழந்தை கத்தி அழுதாலும் கண்ணீர் அவ்வளவாக வராது. கண்ணீர் நன்றாக ஊறத் தொடங்கும்போதுதான் அடைப்பு வெளியே தெரியும். அடைப்பு பிறவியிலேயே இருந்ததுதான்.

இது மெட்ராஸ் ஐயாக இருக்குமோ?

கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். கண்ணீர்க் குழாய் அடைப்பில் எவ்வளவு பீளை வந்தாலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். குழந்தையும் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். மெட்ராஸ் ஐ என்றால் வெள்ளை சிவந்து, இமை வீங்கி, ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போய், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். அடைப்பு யாருக்கும் ஒட்டாது. அண்ணன், அக்காவைப் பக்கத்தில் விடாமல் தடுக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கவனம். பிறந்து 4 வாரத்துக்குள் கண் சிவந்து, இமை வீங்கி, கெட்டியாகச் சீழ் கொட்டினால் அது பிரசவத்தின்போது தொற்றிய கிருமியாக இருக்கலாம். கருவிழியையே கெடுக்கக்கூடியது அது. அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தானாகச் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேருக்கு முதல் பிறந்தநாளுக்குள் அந்தச் சவ்வு திறந்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் அவசரப்பட்டு எதுவும் செய்வதில்லை. ஆனால் "காத்திருங்கள்" என்றால் சும்மா இருங்கள் என்று அர்த்தம் இல்லை. காத்திருக்கும் அந்த மாதங்களில் தினமும் மசாஜ் செய்ய வேண்டும், கண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், ஆபத்தான அறிகுறி எது என்று தெரிந்திருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் வேலை.

மசாஜ் எப்படிச் செய்வது?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மசாஜ் செய்துகொண்டிருப்பவர்கள்தான். "மூணு மாசமா பண்றேன் சிஸ்டர், ஒண்ணும் குறையல" என்பார்கள். செய்து காட்டச் சொல்வேன். மூக்குத் தண்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழுமாகப் பூப்போலத் தடவுவார்கள். பாட்டி குளிப்பாட்டும்போது மூக்கு எடுப்பாக வர வேண்டும் என்று நீவிவிடுவாரே, கிட்டத்தட்ட அது. அதில் தோல்தான் நகரும், குழாய்க்குள் ஒன்றும் நடக்காது.

முதலில் இடம். கண்ணின் உள் ஓரத்தில், மூக்கு எலும்பு தொடங்குகிற இடத்தில் விரலை வையுங்கள். அங்கே ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். கண்ணீர்ப் பை அதற்குள்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரல் பெரிதாகத் தோன்றினால் சுண்டுவிரல் போதும். விரல் கண்விழியின் மேல் படவே கூடாது.

அடுத்தது அழுத்தம். அந்தப் பள்ளத்தில் உள்நோக்கி அழுத்திக்கொண்டு, அழுத்தத்தை விடாமல் மூக்கின் பக்கவாட்டில் கீழே இறக்குங்கள். பைக்குள் தேங்கிய நீர் கீழே தள்ளப்பட்டு, அந்த வேகம் அடைத்திருக்கும் சவ்வை முட்ட வேண்டும். மேலிருந்து கீழே மட்டும்தான். திரும்பக் கீழிருந்து மேலே தேய்க்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்குங்கள்.

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் எல்லோருக்கும் பயம். நான் அம்மாவின் கையைப் பிடித்து, அவர் புறங்கையில் அழுத்திக் காட்டுவேன். "இவ்வளவாக்கா?" என்று ஆச்சரியப்படுவார்கள். அழுத்தும் விரலின் நகத்தைப் பாருங்கள். ரோஸ் நிறம் போய் நகம் வெளுக்க வேண்டும். அதுதான் அளவு. குழந்தை முகம் சுளிக்கும், சிணுங்கும். விரலை எடுத்ததும் அடங்கிவிடும். வலித்துத் துடித்து அழுதால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கும், அழுத்தம் இறங்காது.

இந்த முறையை 1923-இல் கிரிக்ளர் என்ற கண் டாக்டர் எழுதி வைத்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள். நூறு வருஷமாக நிலைத்து நிற்கிற வைத்தியம் இது, செலவும் கிடையாது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

ஒரு தடவைக்கு 5 முதல் 10 முறை இழுத்தால் போதும். இப்படி ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பால் குடிக்கும்போது செய்வது சுலபம், குழந்தையின் கவனம் பாலில் இருக்கும். பால் கொடுப்பதோடு சேர்த்துப் பழக்கிக்கொண்டால் மறந்தும் போகாது.

அழுத்தினால் கண்ணுக்குள் சீழ் வருகிறது. பயமாக இருக்கிறது.

நல்லதுதான், சரியான இடத்தில் அழுத்துகிறீர்கள். பையில் தேங்கியிருந்தது இமையோரத் துளைகள் வழியே வெளியே வருகிறது. உள்ளேயே கிடந்து அழுகுவதைவிட வெளியே வருவது மேல். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த துடைப்புக்குப் புதுப் பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் புதுப் பஞ்சு. புடவைத் தலைப்பால் துடைப்பது மட்டும் வேண்டாம். காய்ந்து ஒட்டிய பீளையை நகத்தால் பிய்க்காதீர்கள். ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் அதன் மேல் வைத்தால் தானாக ஊறி வந்துவிடும்.

ஈரத்திலேயே இருந்து கன்னத்துத் தோல் சிவந்துவிட்டால், துடைத்துக் காயவிட்டு, தோலின் மேல் மட்டும் மெல்லிசாக வாசலின் தடவலாம்.

சொட்டு மருந்து போட வேண்டாமா?

வெறும் நீர் வடிந்தால் வேண்டாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை கெட்டியாக வந்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் சொட்டு எழுதித் தருவார், சில நாட்களுக்கு மட்டும். அது கிருமியைக் கொல்லும், அடைப்பைத் திறக்காது. இது புரியாததால்தான் "மருந்து விட்டா நிக்குது, நிறுத்துனா திரும்ப வருது, மருந்து சரியில்லை" என்று நினைத்து மருந்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மசாஜ் செய்து, துடைத்து, அதன் பிறகு சொட்டு விடுங்கள். அப்போதுதான் மருந்து உள்ளே போக இடம் இருக்கும். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் மருந்து மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்குவது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தாய் 8 மாதக் குழந்தையோடு வந்தார். பையிலிருந்து 4 காலி பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாமே ஒரே சொட்டு. முதல் தடவை கடையில் கொடுத்ததை, கண் "தெளிஞ்ச மாதிரி" இருந்ததால், 4 மாதமாகத் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறார். லேபிளில் ஆன்டிபயாடிக் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் டெக்சாமெதாசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் கண்ணில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். நல்லவேளை, அந்தக் குழந்தைக்குப் பரிசோதித்ததில் அழுத்தம் சரியாக இருந்தது. லேபிளில் டெக்சாமெதாசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதாசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால், கண் டாக்டர் எழுதித் தராமல் குழந்தையின் கண்ணில் விடவே விடாதீர்கள்.

மாமியார் கண்ணில் தாய்ப்பால் விடச் சொல்கிறார். அம்மா விளக்கெண்ணெய் என்கிறார்.

பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், சண்டை வேண்டாம். ஆனால் செய்யவும் வேண்டாம். தாய்ப்பால் வயிற்றுக்கு அமிர்தம், சரி. கண்ணில் விட்டால் ஏற்கெனவே வடிய வழியில்லாத இடத்தில் அதுவும் போய்த் தேங்கும், சவ்வைத் திறக்காது. விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தேன் எதுவுமே வேண்டாம். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் செய்த மையாக இருந்தாலும் அதைத் தீட்டுகிற விரலில் கிருமி இருக்கும். திருஷ்டிக்கு என்றால் பொட்டு உள்ளங்காலில் இருக்கட்டுமே. குளிப்பாட்டும்போது வாயை வைத்து மூக்கில் ஊதுவதையும், எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிடுங்கள். சாம்பிராணிப் புகை அந்தக் கண்ணை இன்னும் கலங்க வைக்கும்.

மாமியாரையே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்வது உண்டு. மசாஜை அவர் கையில் கற்றுக்கொடுத்துவிட்டால், பாட்டியைவிடத் தவறாமல் செய்கிறவர் வீட்டில் யாரும் இல்லை.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும்?

கண்ணின் உள் ஓரத்தில், மூக்கை ஒட்டி, சிவந்து வீங்கி, தொட்டாலே குழந்தை அழுதால் கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்திருக்கிறது. கூடவே காய்ச்சலும் வரலாம். இந்த நிலையில் மசாஜ் செய்யக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில குழந்தைகளுக்கு அட்மிட் செய்து ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

பிறந்த சில நாட்களிலேயே அதே இடத்தில் நீலம் பாரித்த சின்ன உருண்டை தெரிந்தால், பையின் மேலும் கீழும் அடைத்து நீர் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது மூக்குக்குள்ளும் புடைத்திருந்தால் மூச்சுவிடச் சிரமப்படும். பச்சைக் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சுவிடுவார்கள். பால் குடிக்கும்போது திணறினால் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாவது, நான் மிகவும் பயப்படுவது. கண்ணில் நீர் வடிகிறது, ஆனால் பீளை இல்லை. வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அம்மாவின் தோளில் முகம் புதைக்கிறது. கருவிழி மங்கலாக, சாம்பல் பூத்தது போலவோ, வழக்கத்தைவிடப் பெரிதாகவோ இருக்கிறது. "எவ்ளோ பெரிய கண்ணு!" என்று ஊரே கொஞ்சும். அது பிறவிக் கண் அழுத்த நோயாக, அதாவது கிளௌகோமாவாக இருக்கலாம். விட்டால் பார்வை போய்விடும். கண்ணீர்க் குழாய் அடைப்புதான் என்று நீங்களே முடிவு செய்யாமல் ஒருமுறையாவது கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

ஒரு வயது முடிந்தும் நிற்கவில்லை. புரோபிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆபரேஷனா?

கத்தி வைப்பது இல்லை, தையல் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, இமையோரத் துளை வழியாக முனை மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்றைப் பைக்குள் செலுத்தி, குழாய் வழியே கீழே இறக்கி, அந்தச் சவ்வைத் திறந்துவிடுவார்கள். பிறகு சிரிஞ்சில் நீர் செலுத்தி மூக்கு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வேலை சில நிமிடங்கள்தான். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். முதல் முறையிலேயே 4-இல் 3 குழந்தைகளுக்கு மேல் சரியாகிவிடும். வழக்கமாக 1 வயதை ஒட்டிச் செய்வார்கள். ரொம்பவும் தள்ளிப்போட்டு 3, 4 வயதில் வந்தால் சிக்கலான அடைப்புகள் அதிகம் இருக்கும், ஒரே தடவையில் முடியாமல் போகலாம்.

அதற்கு முன் ஒரு சாயப் பரிசோதனை செய்யக்கூடும். மஞ்சள் சாயம் ஒரு சொட்டு கண்ணில் விட்டு 5 நிமிடம் கழித்து நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சாயம் வடியாமல் இமையோரம் கோடாக நின்றால் அடைப்பு இருக்கிறது. வலி கிடையாது.

சில நாடுகளில் 6 மாதத்திலேயே, மயக்க மருந்து இல்லாமல் குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு செய்துவிடுகிறார்களாமே?

ஆமாம், அமெரிக்காவில் அப்படிச் செய்கிற டாக்டர்கள் உண்டு. மயக்க மருந்து தேவையில்லை, மாதக்கணக்கான பீளைத் தொல்லையும் மிச்சம். ஆனால் அங்கே நடந்த ஆய்விலேயே, 6 முதல் 10 மாதம் வரை உள்ள குழந்தைகளை மசாஜோடு காத்திருக்க வைத்ததில், 3-இல் 2 கண்கள் அடுத்த 6 மாதத்தில் தானாகச் சரியாகின. என் மகனாக இருந்தால் காத்திருப்பேன். அடிக்கடி சீழ் பிடித்தால் மட்டும் முன்கூட்டியே செய்வதைப் பற்றி டாக்டரிடம் கேட்பேன்.

மயக்க மருந்துதான் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிற இடத்தில் செய்யுங்கள். அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டிய பெரிய உதவி, வயிற்றைக் காலியாக வைப்பது. வழக்கமாக, திட உணவும் பால் பவுடரும் 6 மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்த நேரம் எதுவோ அதுவே கணக்கு. பாவம் பசிக்குமே என்று பாட்டி இரண்டு ஸ்பூன் பால் கொடுத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம், நேரத்தைத் தள்ளி வைப்போம். சளி, காய்ச்சல் இருந்தாலும் முன்பே சொல்லுங்கள்.

செய்த பிறகு ஓரிரு நாள் மூக்கிலோ கண்ணீரிலோ லேசாக ரத்தம் கலந்து வரலாம். நிற்காமல் வந்தால் மட்டும் திரும்ப வாருங்கள்.

புரோபிங் செய்தும் நீர் நிற்கவில்லை. இனி?

இன்னொரு தடவை புரோபிங் செய்யலாம். அல்லது மெல்லிய சிலிக்கான் குழாயை உள்ளே வைத்து, சில மாதம் விட்டு எடுப்பார்கள். சின்ன பலூனால் குழாயை விரிப்பதும் உண்டு. சிலிக்கான் குழாய் வைத்த குழந்தை கண்ணைத் தேய்த்து, அது நூல் வளையம் போல வெளியே வந்துவிட்டால், நீங்கள் இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். கன்னத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். இவை எல்லாம் பலிக்காத வெகு சிலருக்குத்தான், கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் புதுவழி திறக்கும் டி.சி.ஆர். என்ற ஆபரேஷன்.

பார்வை பாதிக்குமா?

அடைப்பினால் நேரடியாகப் பாதிக்காது. ஆனால் இந்த அடைப்பு உள்ள சில குழந்தைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசப்படுவதைப் பார்த்திருக்கிறார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு கண் சோம்பேறிக் கண்ணாகிவிடலாம், அதாவது அந்தக் கண்ணில் பார்வை சரியாக வளராமல் போகலாம். கண்ணில் நீர் நின்றுவிட்டாலும் ஒருமுறை பவர் பார்த்துவிடுங்கள்.

தடுப்பூசி போடலாமா? தலைக்குக் குளிப்பாட்டலாமா?

இரண்டும் தாராளமாக. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். சளி பிடித்தால் மூக்குக்குள் வீங்கி நீர் வடிவது கூடும், சளியோடு குறையும்.

எங்கே காட்டுவது?

குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனையாக இருந்தால் நல்லது. சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த், சென்னையில் சங்கர நேத்ராலயா போன்ற இடங்களிலும் குழந்தைகள் கண் பிரிவு உண்டு. தூரம் என்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் முதலில் காட்டுங்கள்.

அடைப்பு திறந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் இமை ஒட்டாமல் விழிக்கும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தொடர்ந்து 2 வாரம் அப்படி இருக்க வேண்டும். பள்ளத்தில் அழுத்தினால் ஒன்றும் வெளியே வராது. வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழியும் உண்டு. என் மகனுக்கு 10 மாதம் இருக்கும்போது, கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிவிட்டேன் என்று கத்தி அழுதான். இரண்டு கண்ணிலும் நீர் நிறைந்தது. அவன் முகத்தைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன், அத்தனை மாதமும் அழும்போது காய்ந்தே கிடந்த இடது மூக்கும் அன்றைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.